பக்கவாத நோயாளியை அட்மிட் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா: கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கை கால் மொத்தமாக விழுந்து, பேச்சு நின்று, ஸ்ட்ரெச்சரில் வருபவரை அட்மிட் செய்வதில் யாரும் தடுமாறுவதில்லை. 'காலையில் கை வரலை சார், இப்போ பரவாயில்லை' என்று தானே நடந்து வருகிறாரே, அவரிடம்தான் தடுமாறுகிறோம். ஓ.பி. சீட்டில் ஒரு பி.பி. மாத்திரையும் வைட்டமினும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அவரே ஸ்ட்ரெச்சரில் வருகிறார்.

ஆகவே, இப்போது எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் இவருக்கு என்ன நேரலாம், நேர்ந்தால் அதை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் வழிதான். ஹவுஸ் சர்ஜன்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள், இரவுப் பணி நர்ஸுகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனைக்கென்று எழுதி வைத்த நடைமுறை இருந்தால் அதுவே முதலில்.

முதலில் சுகர், அப்புறம் மணி

வேறு எதற்கும் முன்னால் விரலில் குத்தி சுகர் பாருங்கள். சுகர் 40, 50 என்று இறங்கினால் ஒரு பக்கக் கை கால் அப்படியே விழலாம், வாய் குழறலாம். வெளியிலிருந்து பார்த்தால் பக்கவாதமேதான். குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடத்தில் கை எழும். கூட வந்தவர்கள் கும்பிடுவார்கள். அதற்காக அவரை அன்றே அனுப்பிவிட வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர், அதிலும் வயதானவர் அல்லது சிறுநீரகம் பழுதானவர் என்றால், நள்ளிரவில் சுகர் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது வைத்துப் பாருங்கள்.

அடுத்தது மணி. 'எப்போ ஆரம்பிச்சது?' என்று கேட்டால் 'காலையிலேருந்து' என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யார் பார்த்தது, அப்போது மணி என்ன என்று கேளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுத்த நேரம்தான் கணக்கு. ஆனால் நடுவில் பாத்ரூம் போக எழுந்து நடந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்; சில சமயம் அதில் மூன்று நான்கு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். மணி சொல்லத் தெரியாதவரிடம் பால் வந்ததற்கு முன்னா பின்னா, எந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறியாயிற்றா என்று கேட்டால் ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியமாக வரும். அந்த மணியை சீட்டின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். பின்னால் பார்க்கப்போகும் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது அதைத்தான்.

பிறகு, இது பக்கவாதம்தானா? வாய் கோணி வருபவர்களில் பலருக்கு முகவாதம்தான் இருக்கும். 'புருவத்தை மேலே தூக்குங்க' என்று சொல்லி நெற்றியைப் பாருங்கள். வாய் அசையாத அதே பக்கத்தில் நெற்றியும் சுருங்காமல், கண்ணும் மூடாமல், கை கால் பேச்சு எல்லாம் சரியாக இருந்தால் அது முக நரம்பு சம்பந்தப்பட்டது. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கி, கண் காயாமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்து, ஓ.பி.யிலேயே பார்க்கலாம். நெற்றி இருபுறமும் சுருங்கி வாய் மட்டும் கோணியிருந்தால் மூளையைச் சந்தேகியுங்கள். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு கை கால் சில மணி நேரம் விழுந்து கிடப்பதும் உண்டு. ஆனால் அதை அதுவாக ஓய்ந்துவிடும் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். பக்கவாதமே வலிப்போடு தொடங்கலாம். முதல் முறை வலிப்பு என்றால் சேர்த்து, மூளைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வார்டா, வண்டியா

அட்மிட் செய்வதா அனுப்புவதா என்று யோசிக்கும் முன், இவர் இந்த ஆஸ்பத்திரியில் இருக்கவே கூடாதோ என்று யோசியுங்கள். சி.டி. இல்லாத இடத்தில் ஒரு படுக்கை கொடுத்து, டிரிப் போட்டு, 'காலையில் பெரிய டாக்டர் வருவார்' என்று சொல்வதுதான் நோயாளிக்கு நாம் செய்யும் மிகப் பெரிய கெடுதல். பார்ப்பதற்கு அது சிகிச்சை மாதிரியே இருக்கும்.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் மூளை ரத்தக் குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பிருக்கிறது. 1995 இல் வந்த அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரம் வரை பயனுண்டு என்று காட்டியது. 2008 இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரையாக நீட்டியது. நாலரை மணி என்றதும் நிதானமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. முதல் ஒன்றரை மணி நேரத்தில் போடும் ஊசிக்கும் நாலாவது மணியில் போடும் ஊசிக்கும் பலனில் பெரிய வித்தியாசம். பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. பொதுவாக 6 மணி நேரத்துக்குள். ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட. 2018 இல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு இது நடைமுறைக்கு வந்தது. அதனால் 'ஆறு மணி நேரம் ஆயிடுச்சு, இனி எங்கே போனாலும் ஒண்ணுதான்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுவதும் விழுந்து, கண் இரண்டும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சும் போயிருந்தால் பெரிய குழாய் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அவரை நேராக அந்த வசதி உள்ள இடத்துக்கே அனுப்புங்கள். வழியில் இன்னொரு ஆஸ்பத்திரியில் இறக்கி ஏற்ற வேண்டாம்.

இதற்கு நீங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. டியூட்டியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் பக்கத்தில் இரவும் பகலும் சி.டி. ஓடுவது எங்கே, ஊசி இருப்பில் இருப்பது எங்கே, கட்டி எடுக்கும் வசதி எங்கே என்று விசாரித்து, அங்குள்ள கேஷுவாலிட்டி எண்ணைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் 'தாய்' என்ற பெயரில் நடக்கும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் விபத்து, மாரடைப்போடு பக்கவாதமும் சேர்ந்திருப்பதால் பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று ஆள் இருப்பார்கள். 108 வண்டி கிளம்பும்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டால், சி.டி. மேசை காலியாக இருக்கும்.

அனுப்பும் முன் செய்யக் கூடாதவை: சி.டி. பார்க்காமல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் கொடுப்பது. உள்ளே ரத்தக்கசிவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். இன்னொன்று, ரத்த அழுத்தம் 190 ஐத் தொட்டதும் அதை இறக்கும் நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கடியில் விடுவது. இந்த வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அடைப்பால் தவிக்கும் மூளைக்கு அந்த நேரத்தில் ரத்தம் போவதே அந்த அழுத்தத்தால்தான். சட்டென்று இறக்கினால் சேதம் பெருகும். ஊசி போடுவதாக இருந்தால் 185/110 க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் நரம்பு வழி மருந்தால், நிதானமாக. ஊசி இல்லையென்றால், இதயம் திணறுவது போன்ற வேறு காரணம் இல்லாத வரை, 220/120 வரை விட்டுவைக்கலாம். ரத்தக்கசிவு என்று சி.டி.யில் தெரிந்தால் கணக்கே வேறு; அங்கே 140 அளவுக்குச் சீக்கிரம் இறக்குவார்கள். சி.டி. பார்க்காமல் பி.பி.யில் கை வைக்காதீர்கள் என்பது இதனால்தான்.

யோசிக்கவே வேண்டாதவர்கள்

மயக்க நிலையில் இருப்பவர், தூங்கிவழிபவர், நடக்க முடியாதவர், விழுங்க முடியாதவர், சி.டி.யில் ரத்தக்கசிவு உள்ளவர், திடீரென்று மண்டையில் இடி விழுந்த மாதிரித் தலைவலி வந்தவர், காய்ச்சலோடு வந்தவர்: இவர்கள் எல்லோரையும் சேருங்கள். இதில் விவாதம் இல்லை.

ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேண்டும். கேஸ் ஷீட்டில் 'அட்மிட்' என்று எழுதிய கையோடு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக, 48 வயதுக்காரர், மூளையின் பாதி ரத்தமில்லாமல் கிடக்கிறது என்று சி.டி. சொல்கிறது, ஆனால் ஆள் இப்போது விழித்துப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைச் சேர்க்கும் காரணம், மூளை வீங்கும் என்பது. இரண்டாம் நாள் தூக்கம் அதிகமானால், மண்டை ஓட்டைத் திறந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் அறுவைச் சிகிச்சை செய்யலாம். 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் பிழைப்பவர்கள் 100 இல் 29 இலிருந்து 78 ஆக உயர்ந்ததை 2007 இல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அப்படிப்பட்டவரை நரம்பியல் அறுவை வசதி இல்லாத வார்டில் படுக்க வைத்தால் அட்மிஷனுக்கு அர்த்தமே இல்லை. 'தூக்கக் கலக்கம் கூடுகிறதா, இரண்டு மணிக்கு ஒரு முறை பார்க்கவும்' என்ற வரி ஷீட்டில் இருந்தால் இரவு நர்ஸ் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

விழுங்குவதைச் சோதிக்க ஒரு ஸ்பூனும் ஒரு டம்ளரும் போதும். நன்றாக விழித்திருக்கும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். மூன்று முறை. இருமல், வாயோரம் வடிவது, குரல் களகளவென்று ஈரமாக மாறுவது, இதில் எதுவும் இல்லையென்றால் கால் டம்ளர் அளவு கொடுத்துப் பாருங்கள். எங்கே தடுக்கினாலும் நிறுத்திவிட்டு, வாய் வழியாக எதுவும் வேண்டாம் என்று எழுதி, அவரைச் சேருங்கள். தொண்டையைக் குச்சியால் தொட்டுக் குமட்டுகிறதா என்று பார்ப்பது இதற்கு மாற்றாகாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவில் போய்ச் சேர்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். கூட வந்தவர்களிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்: காபி வேண்டாம், இளநீர் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். வண்டியிலேயே சோடா ஊற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. திட்டாமல் சொல்லுங்கள், பயத்தில் செய்தது.

'வார்டில் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறோம்' என்று அலுத்துக்கொள்ளும் சீனியர்களையும் சந்திப்பீர்கள். 2000 இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. நடுத்தரப் பாதிப்பு உள்ள 457 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: பக்கவாதத்துக்கென்றே உள்ள வார்டு, பொது வார்டில் நிபுணர் குழுவின் ஆலோசனை, வீட்டுக்கே டாக்டரும் நர்ஸும் போய்ப் பார்ப்பது. வீட்டில் வைத்தவர்களில் மூன்றில் ஒருவரை எப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓர் ஆண்டு முடிவில் இறந்தவர்களையும் பராமரிப்பு இல்லத்துக்குப் போனவர்களையும் சேர்த்து எண்ணினால், தனி வார்டில் 100 க்கு 14, வீட்டில் 24, பொது வார்டில் 30. கடைசி எண்ணைக் கவனியுங்கள். வெறும் படுக்கை கொடுத்தால் வீட்டைவிட மோசமாகக்கூட முடியலாம். சுகர், காய்ச்சல், விழுங்குதல், புரட்டிப் படுக்க வைத்தல், மூத்திரம் கட்டியிருக்கிறதா என்று பார்த்தல், சீக்கிரம் பிசியோதெரபி என்ற சில்லறை வேலைகள்தான் தனி வார்டின் மருந்து. இவற்றைச் சாதாரண வார்டிலும் ஒரு நல்ல நர்ஸ் நடத்திக்காட்ட முடியும்.

லேசாகத் தெரிந்து ஏமாற்றுபவர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஐம்பது அறுபது வயதுக்காரர், திடீரென்று தலை சுற்றி, வாந்தி வாந்தியாக எடுத்து வருகிறார். கை கால் பலமாக இருக்கிறது, பேச்சும் சரி. வீட்டில் 'பித்தம்' என்கிறார்கள். ஒரு வாந்தி ஊசி, ஒரு பாட்டில் டிரிப், வீடு. இவரை அனுப்பும் முன் கட்டிலில் கால் தொங்க, கையை எங்கும் ஊன்றாமல் உட்காரச் சொல்லுங்கள். பிறகு பத்தடி நடக்கச் சொல்லுங்கள். காதுக் கோளாறால் தலை சுற்றுபவர் தள்ளாடினாலும் பெரும்பாலும் உட்கார்ந்து, எழுந்து நின்றுவிடுவார். பிடிக்காமல் உட்காரவே முடியாமல் ஒரு பக்கம் சாய்பவருக்கு சிறுமூளையில் அடைப்போ கசிவோ இருக்கலாம். சி.டி. சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். மண்டையின் பின்பகுதியில் உள்ள புது அடைப்பு சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. சிறுமூளை இருக்கும் இடம் குறுகல். மூன்று நான்கு நாளில் வீங்கி மூளைத் தண்ணீர் ஓடும் வழியை அடைத்தால், பேசிக்கொண்டிருந்தவர் மூச்சு நின்றுபோவார். சமயத்தில் அறுவைச் சிகிச்சை செய்தால் அவர் நடந்து வீட்டுக்குப் போவார். நிச்சயம் சேருங்கள்.

பச்சை உடம்புக்காரி. குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குள் கடும் தலைவலி, வலிப்பு, ஒரு கை மட்டும் சோர்வது என்று வந்தால் மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் உறைவு இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் தண்ணீரே அதிகம் கொடுக்கக் கூடாது என்ற வீட்டுக் கட்டுப்பாடும் இதற்குத் துணைபோகும். ஆரம்பத்தில் வெறும் தலைவலிதான். 'தூக்கமில்லாததால் வருகிறது' என்று அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். சிரைகளையும் பார்க்கும் ஸ்கேன் எடுத்து, உறைவென்றால் அதைத் தடுக்கும் ஹெப்பரின் தொடங்க வேண்டும். மருந்து சரியாகக் கிடைத்தால் இவர்களில் பெரும்பாலோர் பழையபடி ஆகிவிடுவார்கள்.

நாற்பதுக்கு உட்பட்டவர் யாராக இருந்தாலும், பாதிப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சேருங்கள். ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் விட்டால் மறுபடி வரும். சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிய பெண்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நாடியைப் பிடித்துப் பாருங்கள், தாறுமாறாக அடிக்கும். கழுத்தில் அடிபட்டு அல்லது திருகி, அங்குள்ள ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தவர்களும் உண்டு.

அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவு தடுப்பு மருந்து சாப்பிடுபவர் லேசான தலைவலியோடு கை மரத்துப்போகிறது என்றால் சி.டி.யும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் பார்க்காமல் விடாதீர்கள். அப்புறம், ஏறி இறங்கும் ஆட்கள்: காலையில் கை விழுந்தது, பத்து மணிக்குச் சரியானது, மதியம் மறுபடி. இப்படி ஊசலாடுபவர் அடுத்த முறை திரும்பாமலே போகலாம். அவர் நன்றாக இருக்கும் நேரத்தில் நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்காக வீட்டுக்கு அனுப்ப முடியாது.

வந்தது, போய்விட்டது

ஒரு கை விழுந்து, பதினைந்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. டி.ஐ.ஏ. என்று எழுதுவோம். 'தற்காலிகப் பக்கவாதம்' என்று சொன்னால் வீட்டாருக்கு 'தற்காலிகம்' மட்டும்தான் காதில் விழும். 'பெரிய வாதத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். இதில் மூன்றில் ஒரு பங்கினருக்கு எம்.ஆர்.ஐ.யில் புதிய சேதம் தெரியும். நோயாளிக்குச் சரியாகியிருக்கும், மூளைக்கு ஆகியிருக்காது.

இவர்களைத் தரம் பிரிக்க ஏ.பி.சி.டி.2 என்று ஒரு மதிப்பெண் முறை 2007 இல் வந்தது. வயது 60 அல்லது மேல் என்றால் 1. பி.பி. 140/90 அல்லது மேல் என்றால் 1. ஒரு பக்கம் பலவீனம் 2. பலவீனம் இல்லாமல் பேச்சு மட்டும் குழறியிருந்தால் 1. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்திருந்தால் 2. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் என்றால் 1. சர்க்கரை நோய்க்கு 1. மொத்தம் 7. இரண்டு நாளில் முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, மூன்று வரை 100 க்கு 1, நாலு ஐந்துக்கு 4, ஆறு ஏழுக்கு 8 என்று அந்தக் கட்டுரை சொன்னது.

மனப்பாடம் செய்ய எளிது, தேர்வில் கேட்பார்கள், ஷீட்டில் எழுதினால் அழகாகவும் இருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்பது என் கருத்து. கழுத்து ரத்தக் குழாய் 80 சதவீதம் அடைத்திருப்பதும், நாடி தாறுமாறாக அடிப்பதும் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. 52 வயதுக்காரர், சர்க்கரை இல்லை, பி.பி. நார்மல், பத்து நிமிடத்துக்குள் பேச்சு திரும்பிவிட்டது. மதிப்பெண் 1. ஈ.சி.ஜி. எடுத்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது தாறுமாறான இதயத் துடிப்பு. இப்படிப்பட்டவரை எண் காப்பாற்றாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பும் 2019 வழிகாட்டியில் மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு வாரத்துக்குள் டி.ஐ.ஏ. வந்த எவரையும் 24 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்கிறது.

டி.ஐ.ஏ. வந்த எல்லோரையும் படுக்கையில் போட வேண்டுமா என்றால், வேண்டாம். பாரிஸில் இதற்கென்றே 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனைப் பிரிவு நடத்திப் பார்த்தார்கள். வந்தவர்களில் 100 க்கு 74 பேர் அன்றே வீட்டுக்குப் போனார்கள். ஆனால் போகும் முன் ஸ்கேன், கழுத்து ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்கும் டாப்ளர், ஈ.சி.ஜி. எல்லாம் முடிந்து, மாத்திரையும் தொடங்கியாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில், முதல் மருந்து கைக்கு வர 20 நாள் ஆகிக்கொண்டிருந்ததை ஒரே நாளாகக் குறைத்தபோது, மூன்று மாதத்தில் மறுபடி வாதம் வருவது 100 க்கு 10 இலிருந்து 2 ஆக இறங்கியது. இரண்டுமே 2007 இல் வெளியானவை. காப்பாற்றியது வேகம்தான்.

நம் ஊரில் அந்த வேகம் கிடைக்குமா என்பதைப் பார்த்துத்தான் முடிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவருக்கு டாப்ளர் செவ்வாய்க்கிழமைதான் என்றால், அவரை வீட்டில் காத்திருக்கச் சொல்லாதீர்கள். சேர்த்து வைத்தாவது முடியுங்கள். வார்டில் இருக்கும்போது மறுபடி வந்தால் ஊசிக்கு நேரம் வீணாகாது என்பது கூடுதல் லாபம். அன்றே எல்லாம் பார்க்க முடிகிற இடமென்றால், ஒரு வாரத்தில் ஒரே முறைதான் வந்தது, ஈ.சி.ஜி. ஒழுங்கு, கழுத்துக் குழாய் திறந்திருக்கிறது, வீட்டில் கூட இருக்க ஆள் உண்டு, அரை மணி ஒரு மணியில் திரும்பி வந்துவிடும் தூரம் என்ற நிலையில் அனுப்பலாம். மலைக்கிராமத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவருக்கு இந்தக் கடைசி நிபந்தனையே அட்மிஷனுக்குப் போதுமான காரணம். ஒரு வாரத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்திருந்தால் எந்தத் தூரமானாலும் சேருங்கள்.

அனுப்புவதாக இருந்தால் மாத்திரை அங்கேயே, உங்கள் கண்முன். ரத்தக்கசிவு இல்லை, நாடி ஒழுங்கு என்று உறுதியானபின் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து, குளோபிடோகிரலை முதல் தடவை 300 மில்லிகிராமாகக் கொடுப்பது வழக்கம். வந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 21 நாள். 2013 இல் சீனாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு இதற்கு அடிப்படை. டி.ஐ.ஏ.க்கும் மிக லேசான வாதத்துக்கும் மட்டும்தான் இது. பெரிய வாதத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்தால் பின்பற்ற வேண்டாம்.

தாமதமாக வருபவர்களும் படுக்கையிலேயே இருப்பவர்களும்

எண்ணெய் தேய்த்து, புறா ரத்தம் தடவி, கட்டுப் போட்டுப் பத்து நாள் கழித்து வருபவர்கள் உண்டு. 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்' என்று கோபம் வரும். அதை விழுங்கிக்கொண்டு, நிலை ஒரே சீராக இருக்கிறதா, விழுங்குகிறாரா, நடக்கிறாரா, காய்ச்சல், படுக்கைப்புண், கால் வீக்கம் உண்டா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஒரு சி.டி., ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை முடித்து, மாத்திரை தொடங்கி, பிசியோதெரபிக்கு வழி சொல்லி வீட்டிலிருந்தே பார்க்கலாம். இவரைப் பதினைந்து நாள் வார்டில் வைத்தால் கிடைப்பது பெரும்பாலும் நிமோனியாதான். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். கிராம சுகாதார நர்ஸிடம் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது மட்டும் போதாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் அதைச் செய்து பார்த்து 2017 இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் படுக்கையில், ஆள் அடையாளம் தெரியாத தாத்தாவுக்கு இன்னொரு வாதம் வருகிறது. மகன் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: 'ஐசியூ வேண்டாம் டாக்டர். வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்கலாமா?' வேண்டாம் என்று பதறாதீர்கள். கசிவா அடைப்பா என்று அறிவதால் எதுவும் மாறப்போவதில்லை என்றால், வலியில்லாமல், மூச்சுத் திணறாமல், புண் வராமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்து அனுப்புவதும் சிகிச்சைதான். சீனியரிடமும், வீட்டில் முடிவெடுக்கும் எல்லோரிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு மகள் போன் செய்து 'ஏன் அட்மிட் பண்ணலை' என்று கேட்பார். அவரையும் முன்பே லைனில் கூப்பிட்டுவிடுவது நல்லது. ஆனால் வயதை மட்டும் பார்த்து இந்த முடிவுக்குப் போகாதீர்கள். நேற்று வரை மார்க்கெட்டுக்கு நடந்து போன 84 வயது பாட்டிக்கு ஊசியும் வார்டும் எல்லாம் உண்டு.

'நாங்கள் போகிறோம்' என்பவர்களுக்கும், நீங்களே அனுப்புபவர்களுக்கும்

சேர்க்க வேண்டியவர் மறுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைக் காட்டிவிடாதீர்கள். ஏன் போகிறார் என்று கேளுங்கள். ஆடு மாடு பார்க்க ஆளில்லை, நாளைக்கு மகள் வளைகாப்பு, காப்பீட்டு அட்டை ஊரில் இருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரர் நேற்று இறந்துவிட்டார்: காரணம் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும். அட்டை நாளை வந்தால் போதும் என்று சொன்னதும் தங்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் போகிறார் என்றால், முழு சிகிச்சைக்குத்தான் மறுத்தார், மாத்திரைக்கு மறுக்கவில்லை. சி.டி. எடுத்து, மருந்தையாவது கொடுத்து அனுப்புங்கள்.

யாரை அனுப்பினாலும், கையில் கொடுக்கும் சீட்டு தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், பார்வை திடீரென்று மங்கினால், நிற்க முடியாமல் தள்ளாடினால் 108. எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பெயரோடு. அடுத்த முறை வர வேண்டிய தேதியும் கிழமையும். மாத்திரையைக் காலை, இரவு என்று பிரித்து எழுதுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டும் தொடங்கியிருந்தால், 21 நாளை எண்ணிப் பார்த்து, 'இந்தத் தேதிக்குப் பிறகு இதை நிறுத்தவும், அதைத் தொடரவும்' என்று தேதி போட்டே எழுதுங்கள். எழுதாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் அதே சீட்டைக் காட்டி இரண்டையும் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவார்கள். பிறகு வயிற்றில் ரத்தம் கசிந்து உங்கள் கேஷுவாலிட்டிக்கே வருவார்கள்.